ராஸ் தீவில் ஒரு பகல்

தூரத்திலிருந்து பார்க்கும்போது அது கடலில் யாரோ தவறவிட்டுப் போன ஒரு தழைக்கட்டைப் போல் இருக்கிறது. அந்தத் தழைக்கட்டுக்குள் ஒரு காலத்தில் ஒரு பட்டணமே இருந்தது, அதில் நடனசாலையும் டென்னிஸ் மைதானமும் ரொட்டிச்சாலையும் அச்சுக்கூடமும் இருந்தன, அங்கே உட்கார்ந்துகொண்டு ஒரு துரை கையெழுத்துப் போட்டால் எதிர்க் கரையில் ஒரு மனிதனுடைய தலை போகும் என்றெல்லாம் சொன்னால் நம்புவது கடினந்தான். நாங்களும் புஸ்தகத்தில் படித்திருந்தோமே தவிர, மனத்தில் நம்பியிருக்கவில்லை. போய்ப் பார்த்த பிறகு நம்பினோம்.

பெயர் விஷயத்தை முதலிலேயே சொல்லி முடித்துவிடுவது நல்லது. கடல் அளவைக்காரரான டேனியல் ராஸ் என்பவருடைய பெயரால் இதற்கு ராஸ் தீவு என்ற பெயர் ஏற்பட்டது. 2018-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி முதல் இது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. எதிர்க் கரையிலுள்ள போர்ட் பிளேர் நகரமும் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. ஆனால் படகுத் துறையில் "ராஸ், ராஸ்!" என்று கூவித்தான் ஆள் சேர்க்கிறார்கள். நேதாஜியின் பெயரை ஒரு படகுக்காரர் தொண்டை கிழியக் கூவுவதைக் காட்டிலும் இதுவே மரியாதை என்று எங்கள் நண்பர் தீர்ப்புச் சொன்னார். நாங்களும் இந்தக் கட்டுரையில் அந்த வழியையே பின்பற்றுகிறோம்.

நண்பரைப் பற்றி இரண்டு வார்த்தை. அவர் தேசபக்தியில் முதல் வகுப்பு. சரித்திரத்தில் இரண்டாம் வகுப்பு. தாவர சாஸ்திரத்தில் பரீக்ஷைக்கே போகாதவர். அவருடைய பத்து வயதுப் பெண்ணும் எங்களுடன் வந்திருந்தாள். வழிகாட்டுவதற்கு ஒரு பெரியவர் அகப்பட்டார். ராமநாதபுரம் ஜில்லாக்காரர், அறுபதுகளில் சிறு பையனாகத் தகப்பனாருடன் கப்பலேறி வந்தவர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தமானில் தமிழ் பேசிக்கொண்டே ஒரு நாள் முழுவதையும் கழித்துவிடலாம் என்பது போகாதவர்களுக்குத் தெரியாத சங்கதி.

அபர்டீன் துறையிலிருந்து இயந்திரப் படகில் கால் மணி நேரப் பிரயாணம். இடப் பக்கத்தில் வடக்கு விரிகுடாவின் கலங்கரை விளக்கம் தெரிந்தது. பழைய இருபது ரூபாய் நோட்டின் பின்புறத்தில் தென்னை மரங்களுக்கிடையே நாமெல்லோரும் பார்த்திருக்கும் காட்சி அந்தப் பகுதியினுடையதுதான். நண்பர் பையைத் துழாவிப் பார்த்தார். புது நோட்டுத்தான் இருந்தது. அதில் எல்லோராக் குகை!

தீவில் இறங்கியவுடன் முதலில் வரவேற்பது ஜப்பானியர் கட்டிய பதுங்கு அறை. அதைத் தாண்டினால் புல்வெளி. அதில் தென்னை மரங்கள். தென்னை மரங்களின் கீழே புள்ளிமான்கள். மான் என்றால் நமது ஊரில் மனிதவாடை பட்ட மாத்திரத்தில் மறைந்துவிடும் பிராணி அல்லவா? இங்கே அவை நேரே வந்து பையை முகர்ந்து பார்க்கின்றன. குழந்தை ஒரு மானின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றாள். சற்றுத் தூரத்தில் ஒரு மயில் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றது. "கண்வ மகரிஷியின் ஆசிரமம் மாதிரி இருக்கிறதே!" என்றார் நண்பர். அந்தச் சமயத்தில் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

மேட்டை நோக்கி நடந்தோம். தீவு முழுவதும் சேர்ந்தால் எண்பது ஏக்கர் கூட இராது. நிதானமாக நடந்தாலும் இரண்டு மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். ஆனால் எங்களுக்கு நாலு மணி நேரம் ஆயிற்று. ஏனென்றால் ஒவ்வொரு சுவரின் முன்னும் நின்றோம்.

அந்தச் சுவர்களை எப்படி வர்ணிப்பது? ரொட்டிச்சாலையின் செங்கல் சுவர் இன்னும் நிற்கிறது. ஆனால் நிற்பது சுவரா, அல்லது அதைத் தழுவிய வேர்களா என்று சொல்ல முடியாது. ஆல் இனத்தைச் சேர்ந்த மரங்கள் சுவரின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு, வேர்களைச் சடை சடையாகக் கீழே தொங்கவிட்டிருக்கின்றன. சில வேர்கள் நூல் போல் இருக்கின்றன. சில யானைத் துதிக்கை போல் பருத்திருக்கின்றன. ஜன்னல் இருந்த இடத்தில் ஜன்னலைச் சுற்றிக்கொண்டு இறங்குகின்றன; வாசல் இருந்த இடத்தில் வாசலை அணைத்துக்கொண்டு இறங்குகின்றன. ஓரிடத்தில் மரச்சட்டம் உளுத்து உதிர்ந்துபோய்விட்டது. ஆனால் அதைச் சுற்றிப் படர்ந்திருந்த வேர் அப்படியே சட்டத்தின் வடிவத்தில் நிற்கிறது. வாசல் போய்விட்டது, வாசலின் அச்சு இருக்கிறது.

இந்த மரங்கள் சுவரின் மேல் ஏறிய விதத்தைப் பெரியவர் விளக்கினார். புறாவோ வௌவாலோ பழத்தைத் தின்றுவிட்டு எச்சமிடுகிறது. சுண்ணாம்புக் காரையில் ஒரு கீறல் இருந்தால் போதும். விதை முளைத்து இரண்டு இலை விடுகிறது. மண் எங்கேயோ முப்பது அடிக்குக் கீழே இருக்கிறது என்பது அந்த இரண்டு இலைக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. வேரை இறக்குகிறது. அது தரையைத் தொடும் வரையில் ஒரு குழந்தை பிடுங்கிவிடலாம். தொட்ட பிறகு ஒரு யந்திரத்தாலும் முடியாது. இதில் இன்னொரு அதிசயம் உண்டு. ஆல் இனத்து மரம் ஒவ்வொன்றுக்கும் அதன் காய்க்குள் நுழைந்து மகரந்தம் சேர்ப்பதற்கென்றே கொசுவினும் சிறிய ஒரு குளவி இனம் இருக்கிறது. அந்தக் குளவி இல்லாவிட்டால் காயில் விதை இல்லை. மாளிகைகளை விழுங்கிய இந்த மரங்கள் அவ்வளவும், காற்றில் அடித்துக்கொண்டு போகக்கூடிய அந்தப் பூச்சியை நம்பி வாழ்கின்றன.

நண்பரால் பொறுக்க முடியவில்லை. "பழி என்றால் இதுதான் பழி! வெட்டின காடு திரும்பி வந்து வெட்டினவனுடைய வீட்டை நொறுக்கிவிட்டது, பார்த்தீர்களா?" என்றார்.

வெட்டினவன் யார் என்பதுதான் சங்கடமான கேள்வி. 1858-ம் ஆண்டு மார்ச்சு 10-ந் தேதி டாக்டர் ஜேம்ஸ் பாட்டிஸன் வாக்கர் என்பவர் 'ஸெமிராமிஸ்' என்ற கப்பலில் 200 கைதிகளை இந்தத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். 1857-ம் வருஷப் புரட்சிக்குப் பிறகு தீவாந்தர சிக்ஷை விதிக்கப்பட்டவர்கள் அவர்கள். கங்கைக் கரையிலும் யமுனைக் கரையிலும் பிறந்தவர்கள். அநேகர் அதற்கு முன் கடலையே பார்த்திராதவர்கள். முதலில் சாதம் தீவில் இறக்கினார்கள். பிறகு வெகு சீக்கிரத்தில் இந்த ராஸ் தீவுக்குக் கொண்டுவந்து காட்டை வெட்டச் சொன்னார்கள். மழை, காய்ச்சல், அட்டை, காட்டுக்கு உரியவர்களான அந்தமானியரின் அம்பு இவ்வளவுக்கும் நடுவில், விலங்கோடு வெட்டினார்கள். தப்பி ஓடிப் பிடிபட்டவர்களில் 80-க்கு மேற்பட்டவர்களை வாக்கர் முதல் சில மாதங்களுக்குள்ளேயே தூக்கிலிட்டார். சிறைக்கோட்டத்தின் சுவர்களை நாம் சுதந்திரத்தின் க்ஷேத்திரமாகக் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அந்தச் சிறை கட்டத் தொடங்கியது 1896-ல். அதற்கு முப்பத்தெட்டு வருஷங்களுக்கு முன்னால் வந்து, இந்த மேட்டில் முதல் மரத்தை வீழ்த்தி, அதன் அடியிலேயே புதைக்கப்பட்டவர்களுக்கு எத்தனை பேருக்குப் பெயர் இருக்கிறது?

ஆகவே வேர் பிளந்திருக்கும் இந்தச் செங்கல்லும் நமது ஜனங்கள் சுமந்ததுதான். இதை நண்பரிடம் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாமல் நடந்தார். அது அவருக்கு வழக்கமல்ல.

எண்பத்து மூன்று வருஷ காலம் அந்தமானின் தலைநகரம் இதுவாகத்தான் இருந்தது. மேட்டின்மேல் பிரதம கமிஷனரின் மாளிகை. அதன் அருகே தேவாலயம். இறக்கத்தில் கிளப்புகள், ஆஸ்பத்திரி, பட்டாளத்தார் குடியிருப்பு, நீந்துவதற்குக் குளம், கடல் நீரைக் காய்ச்சி வடிக்கும் யந்திரசாலை. 'கிழக்கத்திய பாரிஸ்' என்று சொல்லிக்கொண்டார்களாம். பாரிஸ் நகரத்தார் இதைக் கேட்டால் என்ன சொல்வார்களோ!

1941-ம் ஆண்டு ஜூன் 26-ந் தேதி பெரும் பூகம்பம் வந்தது. கட்டடங்கள் விரிந்தன. தலைநகரத்தை எதிர்க் கரைக்கு மாற்றினார்கள். ஒன்பது மாதத்துக்குள், 1942-ம் ஆண்டு மார்ச்சு 23-ந் தேதி, ஜப்பானியர் வந்துவிட்டார்கள். அவர்கள் கட்டடங்களைப் பிய்த்துப் பதுங்கு அறைகள் கட்டிக்கொண்டார்கள். 1943 டிசம்பர் கடைசியில் நேதாஜி அந்தமானுக்கு வந்து, 30-ந் தேதி போர்ட் பிளேரில் மூவர்ணக் கொடியை ஏற்றினார். அப்போது அவர் தங்கியது இந்த மாளிகையில்தான். வெள்ளைக்கார கமிஷனர் படுத்த இடத்தில் அவர் ஓர் இரவு படுத்தார் என்பதை நினைத்து இன்றும் உடல் சிலிர்க்கத்தான் செய்கிறது. அதே நாட்களில் எதிர்க் கரைச் சிறையில் டாக்டர் திவான் சிங் முதலிய இந்தியர்கள் ஜப்பானியரின் சித்திரவதையில் கிடந்தார்கள் என்பதும், 1944 ஜனவரியில் திவான் சிங் அங்கேயே உயிர் நீத்தார் என்பதும் சரித்திரந்தான். இரண்டையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது. கண்ணுக்கு எதிரே கடல் ஒரு கால்வாய் மாதிரித்தான் அகலம். ஆனால் அந்த ஓலம் இந்தக் கரைக்கு எட்டவில்லை.

1945-ல் ஜப்பானியர் போனார்கள். ராஸுக்குத் திரும்பி வந்து குடியிருக்க யாரும் விரும்பவில்லை. அதற்குப் பிறகு நடந்ததைப் பெரியவர் தாம் கண்டபடி சொன்னார்.

"நான் பையனாக இருந்தபோது இவ்வளவு மரம் கிடையாது, ஐயா. சுவர்தான் தெரியும். கதவு, ஜன்னல், தேக்கு உத்தரம், தகரம், எது அகப்பட்டாலும் படகில் ஏற்றிக்கொண்டு போவார்கள். ஊரில் எத்தனையோ அடுப்பங்கரை ராஸ் செங்கல்லில் கட்டினதுதான். கேட்பதற்கு நாதி இல்லை. 1979-ல் கடற்படைக்காரர் கையில் வந்தது. அப்புறம்தான் ஒரு கல்லை எடுத்தாலும் கேள்வி என்றாயிற்று."

"உங்கள் வீட்டு அடுப்பு?" என்று கேட்டோம்.

பெரியவர் சிரித்தார். "அம்மா காலத்தோடு போய்விட்டது, ஐயா" என்றார்.

மேட்டின் உச்சியில் தேவாலயம் நிற்கிறது. கூரை இல்லை. பலிபீடத்துக்குப் பின்னால் இத்தாலி தேசத்திலிருந்து வரவழைத்த வர்ணக் கண்ணாடி இருந்ததாகச் சொல்கிறார்கள். இப்போது அந்த ஜன்னல் வழியாக மரக்கிளையும் கடலும் தெரிகின்றன. கண்ணாடி இருந்திருந்தால் இவ்வளவு நன்றாக இருந்திருக்காது. உள்ளே நுழைந்தபோது குளிர்ச்சியாக இருந்தது. எங்கேயோ ஒரு மைனா பேசிற்று. ஈரச் சுண்ணாம்பும் அழுகிய அத்திப் பழமும் கலந்த ஒரு வாசனை. நாங்கள் அங்கே உட்கார்ந்து கட்டுச்சாதத்தைப் பிரித்தோம். ஆலயத்தில் சாப்பிடலாமா என்று குழந்தை கேட்டதற்கு, இது இப்போது மரத்தின் வீடு என்று அவள் தகப்பனார் சமாதானம் சொன்னார்.

புளியோதரையைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்துக் கொண்டிருந்த குழந்தை திடீரென்று ஒரு கேள்வி கேட்டாள்.

"மாமா, இங்கே சின்ன மரமே இல்லையே, ஏன்?"

என்ன அசட்டுக் கேள்வி என்று நினைத்துத்தான் எழுந்து பார்த்தோம். தேவாலயத்தைச் சுற்றி ஐம்பது அடிக்கு நடந்தோம். பிறகு நூறு அடிக்கு நடந்தோம். அவள் சொன்னது வாஸ்தவம். தலைக்கு மேலே பச்சைக் கூடாரம். அதைத் தாங்கிக்கொண்டு தூண் தூணாகப் பெரிய மரங்கள். கீழே காய்ந்த சருகு. சருகுக்குக் கீழே வெறும் மண். முழங்கால் உயரத்தில் ஒரு செடி, இடுப்பு உயரத்தில் ஒரு புதர், தோள் உயரத்தில் ஒரு இளமரம் என்று காட்டில் இருக்க வேண்டிய படிக்கட்டு எதுவும் இல்லை. ஆளுயரத்துக்கு மேலேதான் இலை ஆரம்பிக்கிறது. யாரோ கத்தரிக்கோலை வைத்துத் தீவு முழுவதையும் ஒரே மட்டமாக நறுக்கிவிட்டாற்போல் இருந்தது. காலையிலிருந்து அந்தக் கோட்டுக்கு அடியிலேயே நடந்துகொண்டிருந்தோம், பார்க்கவில்லை. பார்க்காததற்குக் காரணம், நடப்பதற்கு அது மிகவும் வசதியாக இருந்ததுதான்.

"மான் தின்றுவிடும், கண்ணு" என்றார் பெரியவர். "முளைத்த அன்றைக்கே தின்றுவிடும்."

அந்தமானில் புள்ளிமான் இயற்கையாக இருந்ததே கிடையாது. புலி கிடையாது, சிறுத்தை கிடையாது, ஓநாயும் கிடையாது. காட்டுப் பன்றி, வௌவால், எலி, மரநாய் போன்ற சிலவற்றைத் தவிரப் பெரிய விலங்குகளை அந்தக் காடு அறியாது. மந்தை மந்தையாகத் தழை மேயும் பிராணி ஒன்று உலகத்தில் உண்டு என்பதே அந்தச் செடிகொடிகளுக்குத் தெரியாமல் யுகயுகமாக வளர்ந்திருக்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள், சாயங்கால வேளையில் சுடுவதற்கு ஏதாவது வேண்டாமா என்று, இந்தியாவிலிருந்து மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். சுட்டவர்கள் போய்விட்டார்கள். மான்கள் இருந்தன. நீந்தித் தீவுக்குத் தீவு பரவின. மான்களைக் குறைப்பதற்காக 1950-களின் தொடக்கத்தில் இரண்டு சிறுத்தைகளைக் கொண்டுவந்து விட்டுப் பார்த்தார்களாம். இரண்டும் பெண் சிறுத்தைகளாம்! அந்த யோசனை என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை.

மான்கள் மேயும் அந்தமான் காடுகளில் அடிமட்டத்துச் செடிகள் குறைந்துபோய், அந்தச் செடிகளை அண்டி வாழும் ஓணான் இனங்களும் குறைந்துவிட்டன என்று சில ஆண்டுகளுக்கு முன் ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். மற்றத் தீவுகளிலாவது காடு பெரியது. மான் எட்டாத மூலை முடுக்கு இருக்கும். ராஸ் தீவோ எண்பது ஏக்கருக்குள் அடங்கியது.

இதைக் கேட்ட பிறகு எங்களுக்கு ஒவ்வொன்றும் வேறு விதமாகத் தெரியத் தொடங்கிற்று. கடலைப் பார்த்துக்கொண்டு நின்றதே, அந்த மயில்? அதையும் துரைமார்தான் கொண்டுவந்து விட்டார்கள். தேவாலயத்தில் பேசிய மைனா? அதுவும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்கள் கொண்டுவந்த இனந்தான். பாதையோரத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு நத்தை ஊர்ந்துகொண்டிருந்தது. ஆப்பிரிக்கா கண்டத்து நத்தை அது. யுத்த காலத்தில் ஜப்பானியரோடு வந்தது என்கிறார்கள். தோட்டங்களை அழிக்கும் அந்தப் பிராணியை ஒழிக்க இன்றைக்கும் வழி காணவில்லை. துரைமார் கப்பலேறினார்கள், படைகள் கப்பலேறின, ஆனால் இரண்டு ராஜாங்கங்களும் ஆளுக்கொரு ஜீவனை இங்கே விட்டுவிட்டுப் போயிருக்கின்றன. அவற்றின் ஆட்சி நடந்துகொண்டுதான் இருக்கிறது.

கண்வ மகரிஷியின் ஆசிரமம் என்று சொன்ன நண்பரின் முகத்தைப் பார்த்தோம். "அப்படியானால் இந்த மானையெல்லாம் என்ன செய்யச் சொல்கிறீர்கள்?" என்று அவர் கோபமாகக் கேட்டார், நாங்கள் ஏதோ துப்பாக்கியுடன் வந்திருப்பதைப் போல. அவருடைய கோபம் நியாயமற்றதல்ல. அந்த மான் தானாக வந்ததா? அதுவும் தீவாந்தரம் அனுப்பப்பட்ட பிராணிதானே? குழந்தை கழுத்தைக் கட்டிக்கொண்ட மானைச் சுடு என்று யார் சொல்வார்கள்? ஆனால் ஒன்றும் செய்யாமலிருப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. இன்றைக்கு நிற்கும் பெரிய மரங்கள் நூறு வயதுக்குள் இருக்கலாம். புயலில் ஒன்று விழுந்தால் அந்த இடத்தை நிரப்ப அடுத்தது இல்லை. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது இந்தச் சிறு தீவு குறுக்கே நின்று துறைமுகத்தை ஓரளவு காப்பாற்றியதாக ஊரார் நன்றியோடு சொல்கிறார்கள். மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும் வேர்கள் ஒரு தலைமுறையோடு முடிந்துபோனால், மேடு எத்தனை நாளைக்கு மேடாக இருக்கும்?

எங்கள் புத்திக்குத் தோன்றியது இவ்வளவுதான்: மானைக் கொல்லவும் வேண்டாம், காட்டைக் கைவிடவும் வேண்டாம். நாலு இடத்தில் நாலு ஏக்கரைக் கம்பி வேலி போட்டு வளைத்துவிட்டு, பத்து வருஷம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் போதும். மான்களில் கொஞ்சத்தை வேறு இடத்துக்குக் கொண்டு போய்ப் பெருகாமல் வைத்துக்கொள்ளவும் வழி இருக்க வேண்டும். செலவு பிடிக்கும். படகுக்குப் படகு வந்து மானுடன் படம் பிடித்துக்கொண்டு போகிறவர்களுக்கு ஏமாற்றமாகவும் இருக்கும். ஆனால் வேலிக்குள்ளே ஒரு படாக் மரக் கன்று, நமது வேங்கை மரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி, தைரியமாக நாலு இலை விடுமானால், அதைப் பார்க்கவும் படகு கட்டணம் கொடுக்கலாம்.

கல்லறைத் தோட்டத்தின் வழியாக இறங்கினோம். வெள்ளைக்காரக் குழந்தைகளின் கல்லறைகள் அங்கே இருக்கின்றன. சில நாட்கள், சில மாதங்களே இருந்துவிட்டுப் போனவை. எதிரியின் குழந்தையானாலும் குழந்தை குழந்தைதான். அந்த எழுத்துக்களைப் படிக்கும்போது யாருக்கும் குரல் தாழ்ந்துவிடும். கல்லறையே இல்லாத குழந்தைகளும் இந்தத் தீவில் உண்டு. 1863-ல் பாதிரி கார்பின் என்பவர், அந்தமானியரைப் பிடித்து வந்து நாகரிகம் கற்பிப்பதற்காக ராஸ் தீவில் 'அந்தமான் இல்லம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அதைப் பொறுப்பேற்று நடத்தினார். வெளியாரின் வியாதிகள் அதற்குள் புகுந்தன. அந்த இல்லங்களில் பிறந்த 150 குழந்தைகளில் ஒன்றுகூட இரண்டு வயதைத் தாண்டவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் இருந்த பேரந்தமானியர் இன்று சில பத்துப் பேர்தான் மிஞ்சியிருக்கிறார்கள். இந்தத் தீவுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

கரைக்கு வரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. படகுக்கு இன்னும் நேரமிருந்தது. குழந்தை மறுபடியும் ரொட்டிச்சாலைச் சுவரின் முன்னால் போய் நின்றுகொண்டு, கழுத்தை ஒடித்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் வரவில்லை. என்னவென்று பார்க்க நாங்கள் போனோம்.

சுவரின் உச்சியில், மானின் வாய்க்கு எட்டாத உயரத்தில், செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் இடையே, பளபளவென்று இரண்டு இலை. அதற்கு அப்பால் இன்னொன்று, மூன்று இலை. உடைந்த ஜன்னலின் வளைவில் ஒன்று. புகைபோக்கி இருந்த மூலையில் வரிசையாக நாலைந்து. தீவு முழுவதிலும் காலையிலிருந்து நாங்கள் தேடிக் காணாத கன்றுகள் எல்லாம் அங்கே இருந்தன. கைதிகள் சுமந்து, துரைகளுக்காகக் கட்டிய சுவரைத் தவிர அவற்றுக்குப் பத்திரமான இடம் வேறெதுவும் அகப்படவில்லை போலும்.

"சுவரைக் காப்பாற்றவேண்டுமென்றால் அதையெல்லாம் பிடுங்கத்தான் வேண்டும், ஐயா" என்றார் பெரியவர். "ஏணி வைத்து ஏறிப் பிடுங்குவார்கள். மறு மழைக்குத் திரும்பவும் முளைக்கும்."

நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. சுவரையும் கன்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

துறையில் படகுக்காரர் கூவத் தொடங்கினார். மான்கள் இரண்டு எங்கள் காலிப் பையை முகர்ந்து பார்த்துவிட்டு, புளியோதரை கட்டியிருந்த இலையை இழுத்துத் தின்றன. குழந்தை விரலை நீட்டி எண்ணிக்கொண்டே பின்னால் நடந்து வந்தாள். பதினேழு வரையில் எண்ணியதாகப் படகில் ஏறிய பிறகு சொன்னாள். அதற்கு மேல் இருட்டிவிட்டதாம்.